எபிசோட் 47: ஒரு குழாய், இரண்டு குடம் – ஒளியின் தாமதத்தை வைத்துத் தூரம் அளக்கும் கேமரா

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம். பேச்சு நடையை முழுக்க மாற்றவில்லை.)

போன எபிசோடில் சாதாரண கேமரா சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தோம். அதைக் கேட்டுவிட்டு நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள்: "படம் எடுக்கிறது புரியுது. ஆனா சில கேமரா, எதிரே இருக்கிற பொருள் எத்தனை அடி தூரத்துல இருக்குன்னும் சொல்லுதே, அது எப்படி?"

இதற்குப் பல வழிகள் இருக்கின்றன. இன்றைக்கு ஒரே ஒரு வழியை எடுத்துக்கொள்கிறேன். டைம் ஆஃப் ஃப்ளைட் என்று சொல்வார்கள். ஒளி போய்விட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்துத் தூரத்தைக் கணக்குப் போடுவது. இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. இந்தக் கேமராவை நம்பி நான் ஒருத்தரிடம் தப்பாகப் பேசியிருக்கிறேன். முதலில் அந்தக் கதை.

அட்டைப்பெட்டியும் இஞ்ச் டேப்பும்

சில வருடங்களுக்கு முன்னால் கோயம்புத்தூர் பக்கம் ஒரு பார்சல் குடோனில் ஒரு மெஷின் வைத்தோம். மேடை மேல் பெட்டியை வைத்தால், மேலே தொங்குகிற கேமரா அதன் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்துவிடும். எதற்கு அளக்க வேண்டும்? பார்சல் தொழிலில் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை. பெட்டி வண்டியில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்தால் வருவது 'வால்யூம் வெயிட்'. பெரும்பாலும் நடைமுறையில் இருக்கிற கணக்கு இதுதான்.

அங்கே ஒரு அக்கா தினமும் காலையில் பெட்டி கொண்டுவருவார். வீட்டில் குழந்தைகள் துணி தைத்து வெளியூருக்கு அனுப்புகிறவர். அவருடைய பெட்டி எப்போதும் ஒரே அளவு: 40, 30, 30. கணக்குப் போட்டால் 7.2 கிலோ. அரைக் கிலோ கணக்கில் மேலே ஏற்றினால் 7.5. ஆனால் எங்கள் மெஷின் உயரத்தை 32 என்று காட்டியது. அப்போது 7.68. அது 8 கிலோவாகிவிடும். பெட்டிக்கு அரைக் கிலோ அதிகம். மாதத்துக்கு நூறு பெட்டிக்கு மேல் அனுப்புகிறவருக்கு அது சின்னக் காசு இல்லை.

அவர் கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து என் முன்னாலேயே அளந்து காட்டினார். "ஏனுங்க தம்பி, முப்பதுதானுங்க இருக்குது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா, அட்டை லேசா உப்பியிருக்கும். மெஷின் தப்பு பண்ணாதுங்க."

அவர் கோபப்படவில்லை. ஒன்றுதான் சொன்னார்: "சாயங்காலம் கொண்டாந்தா சரியா காட்டுதுங்க. காத்தாலதான் இப்படி." நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. மூன்று வாரம் கழித்துத்தான் அந்த ஒரு வரியில்தான் பதில் இருந்தது என்று புரிந்தது. ஏன் என்று புரிய, இந்தக் கேமராவின் உள்ளே போக வேண்டும்.

எவ்வளவு சின்ன நேரம்?

ஒளி ஒரு விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். ஒரு நானோ விநாடியில், அதாவது ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் வருகிற ஒரு துண்டில், 30 செ.மீ. போகும். ஸ்கூல் ஸ்கேல் நீளம். நமக்கு ஒளி போய்த் திரும்பி வர வேண்டும் என்பதால் அதில் பாதி: ஒரு நானோ விநாடித் தாமதம் என்றால் பொருள் 15 செ.மீ. தள்ளியிருக்கிறது.

அந்த அக்காவின் 2 செ.மீ. வித்தியாசம் எவ்வளவு நேரம்? ஒரு நானோ விநாடியில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். அதுவும் ஒரு புள்ளிக்கு இல்லை. படத்தில் இருக்கிற ஒவ்வொரு பிக்சலும் தனித்தனியாக இதை அளக்க வேண்டும். ஒரு லட்சம் பிக்சல் இருந்தால் ஒரு லட்சம் ஸ்டாப்வாட்ச். நேரடியாக ஸ்டாப்வாட்ச் வைக்கிற சென்சார்களும் உண்டு. 2020-ல் ஐபேட் ப்ரோவில் வந்த லைடார் அந்த வகை. இன்றைக்கு நாம் பார்க்கப் போவது வேறு வகை. இதில் நேரத்தை அளக்கவே மாட்டார்கள். ஒளியை ஒரு தாளத்தில் மினுக்கி, திரும்பி வருகிற தாளம் எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்று மட்டும் பார்ப்பார்கள். இந்தத் தாளத்தில் மினுக்குவதற்குத்தான் மாடுலேஷன் என்று பெயர்.

1849-ல் ஒரு பற்சக்கரம்

இந்த யோசனை புதிது இல்லை. 1849-ல் பிரான்சில் ஃபிஸோ என்கிற விஞ்ஞானி ஒளியின் வேகத்தை அளந்தார். பாரிஸ் பக்கம் சுரேன் என்ற இடத்தில் விளக்கு, மோன்மார்த்ரில் கண்ணாடி, நடுவே சுமார் 8.6 கி.மீ. விளக்குக்கு முன்னால் 720 பற்கள் உள்ள ஒரு சக்கரம். சக்கரம் சுற்றும்போது ஒளி பல்லிடுக்கு வழியாகத் துண்டு துண்டாக வெளியே போகும். போய்த் திரும்பி வருவதற்குள் அடுத்த பல் வந்து மறைத்துவிட்டால் இருட்டு. விநாடிக்கு 12.6 சுற்று சுற்றும்போது இருட்டானது. அதிலிருந்து ஒளியின் வேகம் விநாடிக்குச் சுமார் 3,13,000 கி.மீ. என்று கணக்கிட்டார். இன்றைய அளவை விட ஏறக்குறைய 4.5 சதவீதம்தான் அதிகம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வெளியே போகிற ஒளியை வெட்டுவதும், உள்ளே வருகிற ஒளியை வெட்டுவதும் ஒரே சக்கரம். அதனால் இரண்டு தாளமும் ஒன்றுக்கொன்று பிசகவே பிசகாது. நம் கேமராவிலும் இதேதான். ஒரே கடிகாரம் விளக்கையும் மினுக்குகிறது, பிக்சலையும் திறந்து மூடுகிறது.

ஃபிஸோவுக்குத் தூரம் தெரியும்; வேகத்தைக் கண்டுபிடித்தார். நமக்கு வேகம் தெரியும், தூரத்தைக் கண்டுபிடிக்கிறோம். அப்படித் திருப்பிப் போட்டவர்களில் முக்கியமானவர் ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் பெர்க்ஸ்ட்ராண்ட். 1940-களில் ஜியோடிமீட்டர் என்ற நில அளவைக் கருவியை உருவாக்கினார். இன்றைக்கு ரோடு போடுகிற இடத்தில் மூன்று கால் ஸ்டாண்டில் நிற்கிற டோட்டல் ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். அதன் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிஸோவின் சக்கரம் விநாடிக்குச் சுமார் 9,000 முறை ஒளியை வெட்டியது. அந்தத் தாளத்துக்கு 8.6 கி.மீ. தேவைப்பட்டது. ஒரு அட்டைப்பெட்டியை அளக்க வேண்டும் என்றால் அதைவிடப் பத்தாயிரம் மடங்கு வேகமான தாளம் வேண்டும். இரும்புச் சக்கரத்தால் ஆகாது. அந்த வேலையைத்தான் பிக்சலுக்குள் இருக்கிற எலக்ட்ரான்கள் செய்கின்றன.

ஒரு குழாய், இரண்டு குடம்

இப்ப ஒரு காட்சியைக் கற்பனை பண்ணுங்க. தெருக்குழாயில் ஒரு ரப்பர் ட்யூப் மாட்டியிருக்கிறது. கீழே இரண்டு குடம். ஒரு ஆள் ட்யூபின் நுனியைப் பிடித்துக்கொண்டு, ஒரு தாளத்துக்கு இந்தக் குடம், அடுத்த தாளத்துக்கு அந்தக் குடம் என்று மாற்றிக்கொண்டே இருக்கிறார். குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு, அதே தாளத்தில் வருகிறது.

தண்ணீர் சரியாகத் தாளத்தில் வந்தால் முழுக்க முதல் குடத்தில் விழும். கொஞ்சம் தாமதமாக வந்தால்? ஆரம்பப் பகுதி முதல் குடத்தில், மிச்சம் இரண்டாவது குடத்தில். தாமதம் கூடக் கூட இரண்டாவது குடம் அதிகம் நிரம்பும். கடைசியில் குடத்தைப் பார்த்தாலே போதும். தண்ணீர் எவ்வளவு லேட்டாக வந்தது என்று சொல்லிவிடலாம். கடிகாரமே வேண்டாம்.

பிக்சலில் தண்ணீர் என்பது எலக்ட்ரான். ஒளி சிலிக்கானில் பட்டால் எலக்ட்ரான் விடுபடும். பிக்சலின் இரண்டு பக்கமும் இரண்டு சேமிப்பு இடங்கள், அவற்றுக்கு முன்னால் இரண்டு கேட். எந்தக் கேட்டில் வோல்டேஜ் அதிகமோ அந்தப் பக்கம் எலக்ட்ரான் ஓடும். இந்த வோல்டேஜை விளக்கின் தாளத்திலேயே மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். தொழிலில் இதற்கு டூ-டேப் பிக்சல் என்று பெயர். இந்த டேப் குழாய். அக்கா வைத்திருந்த டேப் வேறு. குழப்பம் வராமல் இருக்க நான் குடம் என்றே சொல்கிறேன்.

1990-களில் இரண்டு இடங்களில் இந்த வேலை தீவிரமாக நடந்தது. ஜெர்மனியில் ஸீகன் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஷ்வார்ட்டே, சுவிட்சர்லாந்தில் ஸூரிக்கில் பீட்டர் ஸைட்ஸ் குழு. பிறகு அமெரிக்காவில் கனெஸ்டா என்ற நிறுவனம். அதை 2010-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுடன் வந்த கினெக்ட் இந்த முறையில்தான் வேலை செய்தது. 2010-ல் வந்த முதல் கினெக்ட் வேறு. அது புள்ளிக்கோலம் மாதிரி ஒரு வடிவத்தை ஒளியால் அடித்து, அது எப்படி நகர்கிறது என்று பார்த்தது. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

விளக்கு 40 நானோ விநாடிக்கு எரிகிறது என்று வையுங்கள். அந்த 40 நானோ விநாடியும் முதல் குடம் திறந்திருக்கும். அடுத்த 40-க்கு இரண்டாவது குடம். 40 நானோ விநாடி என்றால் 6 மீட்டர். அதுதான் இந்த அமைப்பின் எல்லை.

கூடவே மூன்றாவதாக ஒரு குடமும் வைப்போம். அது விளக்கின் ஒளி வர வாய்ப்பே இல்லாத நேரத்தில் மட்டும் 40 நானோ விநாடி திறக்கும். எதற்கு? மழைத் தூறல் விழுந்துகொண்டே இருந்தால் எல்லாக் குடத்திலும் சமமாக விழும் இல்லையா? அந்தத் தூறல்தான் அறையில் ஏற்கெனவே இருக்கிற வெளிச்சம். மூன்றாவது குடம் தூறலை மட்டும் அளக்கும்.

இதைப் பல ஆயிரம் தடவை திரும்பத் திரும்பச் செய்து, கடைசியில் எண்ணிப் பார்க்கிறோம். முதல் குடத்தில் 800 எலக்ட்ரான், இரண்டாவதில் 500, மூன்றாவதில் 200. தூறலைக் கழித்தால் 600-உம் 300-உம். மொத்தம் 900-ல் 300 தாமதமாக வந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு. 6 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு 2 மீட்டர். பொருள் 2 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அவ்வளவுதான்.

இதில் ஒரு அழகு இருக்கிறது. பொருள் கறுப்பாக இருந்து பாதி ஒளிதான் திரும்பினால் 600, 300 என்பது 300, 150 ஆகும். பங்கு மாறாது. தூரமும் மாறாது. ஆக ஒரு பிக்சலுக்குத் தெரியாதவை மூன்று: தூரம், பொருளின் பளிச்சு, சுற்றியுள்ள வெளிச்சம். மூன்று தெரியாதவற்றைக் கண்டுபிடிக்க மூன்று அளவாவது வேண்டும். பள்ளிக்கூட அல்ஜீப்ராதான்.

அலையாக மினுக்கினால்

நிறைய கேமராக்களில் விளக்கு ஆன்-ஆஃப் துடிப்பாக இல்லாமல், ஏறி இறங்குகிற அலையாக ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது நான்கு அளவு எடுப்பார்கள். ஒரு முழு அலையை 360 டிகிரி என்று வைத்தால், 0, 90, 180, 270 என்ற நான்கு இடங்களில் தொடங்கிக் குடத்தைத் திறப்பது.

0-வில் 600, 180-ல் 400 வந்தது என்று வையுங்கள். வித்தியாசம் 200. 90-ல் 673, 270-ல் 327. வித்தியாசம் 346. இப்போது ஒரு கிராஃப் தாளில் கிழக்கே 200, வடக்கே 346 போய் ஒரு புள்ளி வையுங்கள். மூலையிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு போட்டால், கோட்டின் சாய்வு 60 டிகிரி. அதுதான் தாமதம். கோட்டின் நீளம் பொருளின் பளிச்சு. கழித்தபோதே தூறல் காணாமல் போய்விட்டது. விநாடிக்கு 2 கோடி தடவை, அதாவது 20 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் மினுக்கினால் முழு வட்டம் 7.5 மீட்டர். 60 டிகிரி என்றால் 1.25 மீட்டர்.

வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? 20 மெகாஹெர்ட்ஸில் ஒரு டிகிரி சுமார் 2 செ.மீ. 100 மெகாஹெர்ட்ஸில் ஒரு டிகிரி 4 மில்லிமீட்டர்தான். துல்லியம் ஐந்து மடங்கு. ஆனால் வட்டமும் 1.5 மீட்டராகச் சுருங்கிவிடும். 2 மீட்டரில் இருக்கிற ஆள் அரை மீட்டரில் நிற்பதாகக் கேமரா சொல்லும். வட்டம் ஒரு சுற்று முடித்துவிட்டது, அது கேமராவுக்குத் தெரியாது.

இதற்கு வழி நம் காலண்டரிலேயே இருக்கிறது. "செவ்வாய்க்கிழமை வர்றேன்" என்று மட்டும் சொன்னால் எந்தச் செவ்வாய்? தெரியாது. "செவ்வாயும் கிருத்திகையும் சேர்ந்து வர்ற அன்னிக்கு" என்றால் நாள் தெளிவாகிவிடும். ஏழு நாளுக்கு ஒருமுறை வருவதும், 27 நாளுக்கு ஒருமுறை வருவதும் அடிக்கடி சேராது. அதேபோல 100, 80 என்று இரண்டு வேகத்தில் அளப்பார்கள். 5 மீட்டரில் இருக்கிற பொருளை 100 மெகாஹெர்ட்ஸ் 0.5 என்று காட்டும். அப்படியானால் உண்மை 0.5, 2, 3.5, 5, 6.5 இதில் ஏதோ ஒன்று. 80 மெகாஹெர்ட்ஸ் 1.25 என்று காட்டும், உண்மை 1.25, 3.125, 5, 6.875 இதில் ஒன்று. இரண்டு பட்டியலிலும் இருப்பது 5 மட்டும். 7.5 மீட்டர் வரைக்கும் குழப்பமே வராது.

நாலு குடம் எதற்கு?

இரண்டு குடம் இருக்கிற பிக்சலில் 0-உம் 180-உம் ஒரே நேரத்தில் எடுக்கலாம். 90, 270-க்கு இன்னொரு ஷாட். நிஜத்தில் இரண்டு குடமும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. ஒன்று கொஞ்சம் ஓட்டையாக இருக்கும். அதனால் குடங்களின் வேலையை மாற்றிக் கொடுத்து மறுபடி இரண்டு ஷாட் எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். ஆக நாலு ஷாட்.

பெட்டி அசையாமல் இருந்தால் பிரச்சினை இல்லை. கன்வேயர் பெல்டில் விநாடிக்கு ஒரு மீட்டர் ஓடினால்? ஒரு ஷாட்டுக்கு 2 மில்லி விநாடி என்றாலும், நாலு ஷாட் முடிவதற்குள் பெட்டி 8 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். ஓரத்தில் இருக்கிற பிக்சல் முதல் ஷாட்டில் பெட்டியைப் பார்த்திருக்கும், கடைசி ஷாட்டில் தரையைப் பார்த்திருக்கும். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் வருவது பெட்டியும் இல்லை, தரையும் இல்லை. அர்த்தமே இல்லாத ஒரு எண்.

அதனால்தான் ஒரே பிக்சலில் மூன்று, நான்கு குடம் வைக்கிறார்கள். ஜப்பானில் ஷிஸுவோகா பல்கலைக்கழகத்தில் ஷோஜி கவாஹிதோவின் குழு இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. ஒவ்வொரு அலையிலும் நாலு குடமும் முறை வைத்துத் திறக்கும். 100 மெகாஹெர்ட்ஸில் 2 மில்லி விநாடி என்றால் 2 லட்சம் சுற்று. நாலு குடமும் அதே 2 மில்லி விநாடியில், அதே காட்சியிலிருந்து நிரம்பும். யாரும் யாருக்கும் பின்னால் இல்லை. சிலவற்றில் சாக்கடை மாதிரி ஒரு வடிகாலும் உண்டு; வேண்டாத நேரத்தில் வருகிற எலக்ட்ரானை அதில் கொட்டிவிடலாம்.

இங்கே நின்று ஒரு எண்ணை யோசியுங்கள். 2 லட்சம் சுற்றில் ஒரு குடத்தில் சேர்வது சில நூறோ சில ஆயிரமோ எலக்ட்ரான்கள்தான். அதாவது பெரும்பாலான சுற்றில் ஒரு எலக்ட்ரான்கூட வராது. தண்ணீர் ஓடவே இல்லை. அபூர்வமாக ஒரு சொட்டு விழுகிறது. அந்தச் சொட்டு எந்தக் குடத்தில் விழுந்தது என்பதைச் சேர்த்துச் சேர்த்து வைத்துத்தான் தூரத்தைச் சொல்கிறோம்.

சரி, அப்படியானால் பத்துக் குடம் வைக்கலாமே? குடம் கூடினால் பிக்சலில் ஒளி விழுகிற இடம் குறையும். லட்சக்கணக்கான பிக்சலில் எல்லாக் கேட்டையும் விநாடிக்குப் பத்துக் கோடி தடவை திறந்து மூட மின்சாரம் செலவாகும், சூடும் கிளம்பும். தவிர எலக்ட்ரான் நடந்து குடத்துக்குப் போகவும் நேரம் வேண்டும். இந்தக் கேமராக்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகின்றன. பெரும்பாலும் 850 அல்லது 940 நானோமீட்டர். இந்த ஒளி சிலிக்கானில் ஆழமாக இறங்கித்தான் எலக்ட்ரானை விடுவிக்கும். ஆழத்தில் பிறந்தது மெதுவாக அலைந்து திரிந்து மேலே வருவதற்குள் கேட் மாறியிருக்கும். தப்பான குடத்தில் விழும். எத்தனை சதவீதம் சரியான குடத்தில் விழுகிறது என்பதுதான் இந்த சென்சார்களின் தரத்துக்கு அளவுகோல்.

வெயில் ஏன் எதிரி?

தூறலைக் கழித்துவிடலாம் என்றேன். அது பாதி உண்மை. சராசரியைக் கழிக்கலாம், தடுமாற்றத்தைக் கழிக்க முடியாது. மழைச் சொட்டு எண்ணினால் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கை வராது. 10,000 சொட்டு விழ வேண்டிய இடத்தில் நூறு கூடும், நூறு குறையும். எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் அந்தத் தடுமாற்றம். ஒளிக்கும் இதே விதி.

முன்னால் போட்ட கணக்கில் 800, 500, 200 என்று வைத்தோமே, அந்தத் தடுமாற்றத்தைச் சேர்த்துப் பார்த்தால் 2 மீட்டர் என்ற விடை 12 செ.மீ. இப்படியும் அப்படியும் ஆடும். நூறு மடங்கு எலக்ட்ரான் சேர்த்தால் ஆட்டம் 1.2 செ.மீ. ஆகும். இப்ப வெயிலில் கொண்டுபோய் வையுங்கள். தூறல் 200-க்குப் பதில் 20,000. குடங்களில் 20,600, 20,300, 20,000. கழித்தால் அதே 600, 300. ஆனால் ஒவ்வொரு எண்ணும் 140 ஆடுகிறது. விடை ஏறக்குறைய முக்கால் மீட்டர் ஆடும். இன்னும் வெயில் ஏறினால் குடமே வழிந்துவிடும். 940 நானோமீட்டர் ஒளியைச் சிலர் தேர்ந்தெடுப்பது இதனால்தான். காற்றில் இருக்கிற நீராவி அந்த நிறத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்வதால் தரைக்கு வரும் வெயிலில் அது குறைவு. ஆனால் சிலிக்கானும் அந்த ஒளியை அவ்வளவாகப் பிடிக்காது. ஒன்று கொடுத்து ஒன்று வாங்க வேண்டும்.

வேறு தொல்லைகளும் உண்டு. மூலையில் ஒளி ஒரு சுவரில் பட்டு இன்னொரு சுவருக்குப் போய்த் திரும்பினால் பாதை நீளும். கூர்மையான மூலை உருண்டையாகத் தெரியும். பொருளின் விளிம்பில் ஒரு பிக்சலே பாதி பெட்டியையும் பாதி தரையையும் பார்த்தால், நடுக்காற்றில் ஒரு புள்ளி மிதக்கும். இவை எனக்குத் தெரியும். அக்காவின் பெட்டியில் இவற்றைத்தான் மூன்று வாரம் தேடிக்கொண்டிருந்தேன்.

காத்தாலதான் இப்படி

கடைசியில் ஒருநாள் காலை ஆறரைக்கு குடோனுக்குப் போய், காலி மேடையை மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். மெஷினைப் போட்டவுடன் மேடை 2 செ.மீ. கிட்டே இருப்பதாகக் காட்டியது. பத்து நிமிடத்தில் வித்தியாசம் குறைந்தது. முக்கால் மணி நேரத்தில் ஏறக்குறைய சரியாகிவிட்டது. மேடை நகரவில்லை. கேமரா சூடானது.

ஒரே கடிகாரம் விளக்கையும் பிக்சலையும் ஓட்டுகிறது என்றேன். ஆனால் கடிகாரத்திலிருந்து விளக்கு வரைக்கும் ஒரு டிரைவர் சர்க்யூட் இருக்கிறது. சூடானால் அது கட்டளையைக் கொஞ்சம் தாமதமாக நிறைவேற்றும். நானோ விநாடியில் எட்டில் ஒரு பங்கு போதும், 2 செ.மீ. போச்சு. ஃபிஸோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டு பக்கமும் ஒரே இரும்புப் பல்.

காலி மேடையின் தூரத்தை நான் பதிவு செய்தது ஒரு மே மாத மதியம் இரண்டு மணிக்கு. தகரக் கூரை. மெஷின் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில் இருந்த தாமதத்தையும் சேர்த்துத்தான் மேடையின் தூரமாக எழுதி வைத்துவிட்டேன். காலையில் கேமரா குளிர்ந்திருக்கும்போது பெட்டியின் மேல்பக்கம் கிட்டே தெரிந்தது. பெட்டி உயரமாகிவிட்டது. மதியம் வந்தவர்களுக்குச் சரியான அளவு. காலையில் வந்தவர்களுக்கு 2 செ.மீ. அதிகம்.

சரி செய்தது ரொம்ப சுலபம். மெஷினைப் போட்டு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் முதல் பெட்டி. அதைவிட முக்கியம், பழைய பதிவை நம்புவதை நிறுத்தினேன். பெட்டியைச் சுற்றி மேடையின் ஓரம் அதே படத்தில் தெரிகிறது. பெட்டியின் மேல்பக்கத்தையும் மேடையின் ஓரத்தையும் ஒரே ஷாட்டில் அளந்து கழித்தால், சூட்டினால் வந்த தாமதம் இரண்டிலும் சமமாக இருக்கும், கழிந்துபோகும். தூறலைக் கழித்த அதே வித்தைதான்.

என் ரிப்போர்ட்டில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த நேரத்துப் பெட்டிகள் அதிகமாக அளக்கப்பட்டன என்று எழுதிக் கொடுத்தேன். பணத்தைத் திருப்பிக் கொடுப்பது என் கையில் இல்லை. அக்காவைப் பார்த்து, "நீங்க சொன்னதுதான் சரிங்க அக்கா, தப்பு என்னுது" என்று சொல்வது மட்டும் என் கையில் இருந்தது. சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "டேப்பு பொய் சொல்லாதுங்க தம்பி" என்றார்.

அதிலிருந்து நான் வைக்கிற எந்த மெஷினுக்குப் பக்கத்திலும் ஒரு இஞ்ச் டேப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடச் சொல்கிறேன். சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் அளந்து பார்க்கலாம். யாராவது "காலைல மட்டும் இப்படிங்க" என்று சொன்னால், அதைத் தேதியும் நேரமும் போட்டு எழுதிக்கொள்கிறேன்.

இன்றைக்கு இவ்வளவுதான். உங்கள் வேலையில் இப்படி ஒரு கருவி ஏமாற்றிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள். அடுத்த எபிசோடில் ஐபேட் லைடாரில் இருக்கிற அந்த நேரடி ஸ்டாப்வாட்ச் சென்சாரைப் பார்க்கலாம். ஒரே ஒரு ஒளித் துகள் வந்தாலும் அது எப்படி உணர்கிறது என்பது தனிக் கதை.